ஆட்டுக் கொட்டகைக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர் வரைபடம்?



விவசாயிக்கு கேட் மென்பொருள் தேவையான்னு கேட்டா, தேவைதான்னு சொல்ற கட்சி நான். கேட்னதும் தோட்டத்து இரும்பு கேட்டுன்னு நினைச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர்ல அளவோட படம் வரையுற மென்பொருளுக்குத்தான் அந்தப் பேர். அது என்ஜினியருங்க சமாச்சாரம், பெருங்காசு ஆகும், காலேஜ் படிச்சவனுக்குத்தான் வரும்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு. மூணுமே பழைய கதை. காசில்லாம கிடைக்குது. ராத்திரி சாப்பிட்டுட்டு அரை மணி நேரம்னு ரெண்டு வாரம் உக்காந்தா ஒரு கொட்டகை வரையுற அளவுக்குக் கை வந்துடும். ஆனா எதை எடுக்கிறது, எதை விடுறதுன்னு தெரியாம பலபேர் முதல் நாளே சலிச்சுப்போய் மூடி வெச்சுடுறாங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

வரைஞ்சா என்ன லாபம்?

நம்ம பக்கம் ஒரு கொட்டகை எப்படி உருவாகுது? வெல்டிங் பட்டறைக்காரர் வருவார். டேப்பை இழுப்பார். சாக்பீஸ்ல தரையில ரெண்டு கோடு போடுவார். "ஒரு பத்து பைப் வாங்கிப் போடுங்க, பத்தலைன்னா பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிடுவார். வேலை முடிஞ்சதும் கொட்டகைக்குப் பின்னாடி துண்டு துண்டா பைப் கிடக்கும். அந்தத் துண்டெல்லாம் நம்ம காசு.

ஒரு கணக்கு பார்க்கலாம். பரண் மேல ஆடு வளர்க்கறதுக்கு இருபது ஆட்டுக்கு ஒரு பரண் போடணும். ஒரு ஆட்டுக்கு 12 சதுர அடின்னு வெச்சா 240 சதுர அடி. இதை 12க்கு 20 அடின்னும் போடலாம், 10க்கு 24 அடின்னும் போடலாம். ரெண்டும் அதே 240தான். நாலடிக்கு ஒரு குறுக்குச் சட்டம், ரெண்டு ஓரத்துக்கும் நீளச் சட்டம். கடையில கிடைக்கிற பைப் 20 அடி நீளம்.

12க்கு 20 போட்டா, 12 அடியில ஆறு குறுக்குச் சட்டம் வேணும். ஒரு பைப்புல ஒண்ணுதான் வரும், எட்டடி மிச்சமாகும். ஆறு பைப் அதுக்கே போச்சு. நீளத்துக்கு ரெண்டு பைப். மொத்தம் எட்டு பைப், மிச்சத் துண்டு 48 அடி.

10க்கு 24 போட்டா, 10 அடியில ஏழு குறுக்குச் சட்டம். ஒரு பைப்புல ரெண்டு வரும். நாலு பைப் வாங்கினா பத்தடித் துண்டு ஒண்ணு மிஞ்சும். நீளத்துக்கு ரெண்டு பைப்போட ரெண்டு நாலடித் துண்டு ஒட்டணும். அந்த எட்டடி, மிஞ்சின பத்தடித் துண்டுலயே வந்துடும். மொத்தம் ஆறு பைப், மிச்சம் ரெண்டே ரெண்டு அடி. ஒட்டு விழுற 20 அடி இடத்துல ஒரு குறுக்குச் சட்டமும் வருது, அதுக்குக் கீழ காலும் வந்துடும். அதனால பலத்துக்கும் குறைவில்ல.

"அந்த எட்டடித் துண்டை காலுக்குப் போட்டுக்கலாமே"ன்னு நீங்க கேட்கலாம். தாராளமா போடலாம். ஆனா கால் எத்தனை, எத்தனை அடி, துண்டுல எத்தனை வரும்னு அதையும் வாங்கறதுக்கு முன்னாடியே பார்த்துட்டுத்தானே போடணும்? வரையுறதுங்கிறது இதுதான். படம் அழகா இருக்கணும்னு இல்ல. கடைக்குப் போறதுக்கு முன்னாடி கணக்கு கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. சில பைப் 20 அடின்னு சொல்லி விப்பாங்க, அளந்து பார்த்தா 6 மீட்டர் இருக்கும். அது 19 அடி 8 அங்குலம். அதுல ரெண்டு பத்தடித் துண்டு வராது. வெட்டின அப்புறம் தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. முன்னாடியே தெரிஞ்சா அகலத்தை 9 அடி 10 அங்குலத்துக்குச் சித்தே கம்மியா மாத்திட்டுப் போயிடலாம். ஒட்டு எங்க விழும், கால் எங்க நிக்கணும்னு அதுக்கேத்த மாதிரி நகர்த்திக்கலாம். காகிதத்துல இருந்தா அழிச்சு அழிச்சு வரையணும். கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணை மாத்தினா போதும்.

இலவசம் வேற, கட்டற்றது வேற

இதைச் சொல்லாம மென்பொருள் பேர் மட்டும் சொன்னா உங்களுக்கு நல்லது பண்ணினதா ஆகாது. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. நம்ம தமிழ்ல தனித்தனியா இருக்கு, அது நமக்கு வசதி. காசு வாங்காம குடுக்கிறது இலவசம். யார் வேணும்னாலும் எடுத்து, எதுக்கு வேணும்னாலும் பயன்படுத்தி, மாத்தி, அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்னு எழுதிக் குடுத்துடறது கட்டற்ற மென்பொருள்.

இலவசம் எப்போ வேணும்னாலும் நிக்கும். டிராஃப்ட்சைட்னு ஒண்ணு இருந்துச்சு. ஆட்டோகேட் மாதிரியே இருக்கும், பல வருஷம் காசில்லாம குடுத்தாங்க, ஊர் உலகமே பழகிக்கிச்சு. அப்புறம் காசு கட்டித்தான் வாங்கணும்னு ஆச்சு. 2019 டிசம்பர் 31ஓட விண்டோஸ்ல அந்தப் பழைய இலவசப் பதிப்பும் ஓடாம நின்னுபோச்சு. ஃப்யூஷன் 360ல 2020ல இலவசமா பயன்படுத்துறவங்களுக்குத் திருத்தக்கூடிய கோப்பு ஒரே நேரத்துல பத்துதான்னு கட்டுப்பாடு போட்டாங்க. ஸ்கெட்ச்அப்போட கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிற இலவசப் பதிப்பு 2017ஓட நின்னுச்சு, இப்போ இணையத்துல மட்டும்தான் இலவசம்.

இதுல அந்தக் கம்பெனிகளைத் திட்ட ஒண்ணும் இல்ல. அவங்க பொருள், அவங்க விலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் "நம்ம கிணத்துத் தண்ணியை எடுத்துக்குங்க"ன்னு சொன்னா சந்தோஷமா எடுத்துக்கலாம். அதை நம்பி தென்னந்தோப்பு வெக்கலாமாங்கிறதுதான் கேள்வி. கத்துக்கிறதுக்கு இலவசம் போதும். பத்து வருஷம் கழிச்சும் திறந்து பார்க்க வேண்டிய படத்தைக் கட்டற்றதுலதான் வெக்கணும். என் கருத்து இதுதான்.

திருட்டு ஆட்டோகேட் பத்தியும் ஒரு வார்த்தை. "பென்டிரைவ்ல இருக்குங்ண்ணா, ஏத்தித் தரட்டுமா"ன்னு கேக்குற தம்பிங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. வேண்டாம். தப்புங்கிறது ஒருபக்கம். பூட்டை உடைச்ச மென்பொருளோட வைரஸும் சேர்ந்து வரும். அதே கம்ப்யூட்டர்லதான் பேங்க் வேலையும் பார்ப்போம். எல்லாத்துக்கும் மேல, 1982ல இருந்து கட்டடம், மெஷின்னு தொழில்காரங்களுக்காக வளர்ந்து வந்த பொருள் அது. ஆட்டுக் கொட்டகைக்கு அந்தப் பாரம் தேவையே இல்ல.

எதுல ஆரம்பிக்கலாம்?

மவுஸ் பிடிச்சே பழக்கம் இல்லாதவங்க டிங்கர்கேட்ல ஆரம்பிங்க. இணையத்துல ஓடும், எதுவும் ஏத்த வேண்டாம், ஒரு கணக்கு மட்டும் தொடங்கிக்கணும். பள்ளிக்கூடப் பசங்களுக்காக இருக்கிற மாதிரித்தான் தெரியும். அதுக்காகக் கூச்சப்பட வேண்டாம். பெட்டி, உருளை, கூம்புன்னு எடுத்து வெச்சு, ஒட்டி, ஓட்டை போட்டு ஒரு பொருளைச் செய்யலாம். அதுல அளவு மில்லிமீட்டர்ல இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஒரு அங்குலமா பாவிச்சுக்குங்க. 24 அடிக் கொட்டகை 288 மில்லிமீட்டரா வந்துடும், வேலைப் பலகை அளவைக் கொஞ்சம் கூட்டினா அடங்கிடும். குறைன்னு பார்த்தா, பட்டறைக்குக் குடுக்குற மாதிரி அளவு போட்ட தாள் அதுல வராது. மனசுல இருக்கிறதைக் கண்ணுல பார்க்கத்தான் அது. வீட்டுல ஆறாவது ஏழாவது படிக்கிற பசங்க இருந்தா அவங்களைப் பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க. நமக்கு முன்னாடி அவங்க கத்துக்குவாங்க, அப்புறம் நமக்குச் சொல்லித் தருவாங்க.

கொட்டகை, களத்து ஷெட், திண்ணை மாதிரி கட்டட வேலைக்கு ஸ்கெட்ச்அப்போட இணையப் பதிப்பு நல்லா இருக்கும். தரையில ஒரு கட்டம் போட்டு மேல இழுத்தா சுவர் ஆயிடும். அடி, அங்குலத்துலயே வேலை செய்யலாம். மழைச்சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், கூரை எவ்வளவு நீட்டணும்னு திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம், இணையம் இல்லாம ஓடாது. கரண்ட்டும் டவரும் ஒண்ணா இருக்கிற நேரமா பார்த்து உக்காரணும்.

தட்டையான படத்துக்கு, அதாவது நிலத்தோட படம், பைப் லைன், தகடு வெட்டுறதுக்கெல்லாம், லிப்ரேகேட் எடுங்க. இது கட்டற்றது. ரொம்பச் சின்னது. அரசு குடுத்த இலவச லேப்டாப் பரண்ல தூங்கிட்டு இருந்தா தூசி தட்டி எடுங்க, அதுலயே ஓடும். புலப்படத்துல இருக்கிற அளவை வெச்சு நம்ம வயலை வரைஞ்சுட்டா, சொட்டுநீர்க் குழாய் எங்க போகுது, வால்வு எங்க இருக்கு, எந்தப் பாத்திக்கு எத்தனை அடி லேட்டரல்னு எல்லாத்தையும் அது மேலயே போட்டு வெக்கலாம். ஒரு துண்டு நிலம் எத்தனை சதுர அடின்னு மூலைகளைத் தொட்டுக் காட்டினா அதுவே சொல்லிடும். 435.6ஆல வகுத்தா சென்ட் வந்துடும். பூமிக்கடியில போன குழாய் எங்க இருக்குன்னு தெரியாம கடப்பாரையால தேடுற வேலை இனி இருக்காது. இதுல சேமிக்கிற டிஎக்ஸ்எஃப் கோப்பை லேசர் கட்டிங் கடையில அப்படியே வாங்கிக்குவாங்க. கோயமுத்தூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு அந்த மாதிரி கடைக்குப் பஞ்சமில்ல.

கடைசியா ஃப்ரீகேட். 2002ல இருந்து வளருது, 2024 நவம்பர்லதான் 1.0ன்னு பேர் வெச்சு வெளியிட்டாங்க. முழுசாக் கட்டற்றது. உண்மையைச் சொல்லிடுறேன், முதல் தடவை திறந்தா மிரட்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பட்டறை மாதிரி பிரிச்சு வெச்சிருப்பாங்க, எதுக்குள்ள நுழையுறதுன்னே தெரியாது. அதனாலதான் இதை முதல்ல தொடாதீங்கன்னு சொல்றேன். ஆனா கடைசியில வந்து சேர வேண்டிய இடம் இதுதான். ஏன்னா அளவுகளைக் கணக்குத்தாள்ல எழுதி வெச்சு, படத்தை அந்தத் தாளோட கட்டிப்போடலாம். பரண் சட்டம் ரெண்டு அங்குலம், நடுவுல நாலு நூல் இடைவெளின்னா பத்தடி அகலத்துக்கு 48 வரிசை வரும். ஆறு நூல் இடைவெளின்னா கிட்டத்தட்ட 44 வரிசை. தாள்ல ஒரு எண்ணை மாத்தினா போதும், படம் தானா மாறும். புழுக்கை கீழ விழணும், குட்டி காலு மாட்டக்கூடாது. இதுக்கு நடுவுல எந்த அளவுங்கிறதை உங்க ஆட்டைப் பார்த்து நீங்கதான் முடிவு பண்ணணும், மென்பொருள் சொல்லாது. முந்தின பதிப்புகள்ல பழைய அளவை மாத்தினா பின்னாடி செஞ்சதெல்லாம் கலைஞ்சுபோற தொல்லை இருந்துச்சு. 1.0ல அதைப் பெரும்பாலும் சரி பண்ணிட்டாங்க. பட்டறைக்குக் குடுக்க அளவு போட்ட தாளும் இதுலயே எடுக்கலாம்.

வீட்டுக்குள்ள கட்டில், பீரோ எங்க வெக்கலாம்னு பார்க்க மட்டும்னா ஸ்வீட் ஹோம் 3டி போதும், அதுவும் கட்டற்றதுதான். படம் வரையாம வரி வரியா எழுதியே பொருள் செய்யுற ஓப்பன்ஸ்கேட்னு ஒண்ணு இருக்கு. புரோகிராம் எழுதுற பசங்களுக்குப் பிடிக்கும், நமக்கு வேண்டாம்.

நூலை மில்லிமீட்டரா மாத்தத் தெரியணும்

மென்பொருளைவிட இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. ஆசாரி நூல் கணக்குல பேசுவார். தகட்டுக் கடைக்காரர் மில்லிமீட்டர்ல பேசுவார். நம்ம அடியில நினைப்போம். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எட்டு நூல் ஒரு அங்குலம். அப்போ ஒரு நூல்ங்கிறது மூணு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஒரு இடத்துல மூணுன்னு வெச்சா பெருசா ஒண்ணும் ஆகாது. 48 வரிசைக்கும் நாலு நூலை 12 மில்லிமீட்டர்னு போட்டீங்கன்னா கடைசியில ஒரு அங்குலத்துக்கு மேல இடிக்கும். படத்துல எல்லாத்தையும் ஒரே அளவுல போடுங்க. பட்டறைக்குக் குடுக்கிற தாள்ல அவங்க பேசுற கணக்கையும் பக்கத்துல எழுதிக் குடுங்க.

கம்பி எடைக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கு. கம்பியோட விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து, அதை அதாலயே பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும். 12 மி.மீ. கம்பின்னா 144ஐ 162ஆல வகுக்கணும், முக்கால் கிலோவுக்கு மேல, 0.89 கிலோ. படத்துல மொத்த நீளம் தெரிஞ்சா கடைக்காரர் தராசைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எடை நமக்குத் தெரியும்.

சாக்பீஸ் போதாதா?

போதும். பல வேலைக்கு நிச்சயம் போதும். முப்பது வருஷம் தொழில் பார்த்த பட்டறைக்காரருக்கு நம்ம படம் வரைஞ்சு பாடம் எடுக்க முடியாது. இந்த ஆங்கிள் தாங்குமா, வெல்டு எங்க வைக்கணும், எந்தப் பக்கம் வளையும்ங்கிறது அவர் கையில இருக்கிற அறிவு. எந்த மென்பொருள்லயும் அது இல்ல. படத்துல நிக்கிற கொட்டகை ஆடிக் காத்துல நிக்கணும்னு அவசியம் இல்ல. அதனால படத்தை ஆணை மாதிரி நீட்டாதீங்க. "இப்படி நினைச்சிருக்கேன், நீங்க என்னங்ண்ணா சொல்றீங்க"ன்னு அவர் முன்னாடி வைங்க. நல்ல தொழில்காரர் அதை வாங்கிப் பார்த்து ரெண்டு இடத்துல திருத்துவார். அந்தத் திருத்தத்தை வீட்டுக்கு வந்து படத்துல ஏத்திடுங்க.

ஒரு தீவனத் தொட்டி, ஒரு படல்னா சாக்பீஸே போதும். ஒரே பொருள் பத்து வேணும், ரெண்டு பட்டறையில விலை கேக்கணும், ரெண்டு வருஷம் கழிச்சு உடைஞ்ச பாகத்தை மறுபடி செய்யணும், இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் படம் வேணும். வாய்வார்த்தையா சொன்னா ஒருத்தர் ஒரு பொருளுக்கு விலை சொல்வார், இன்னொருத்தர் வேற பொருளுக்கு விலை சொல்வார். ஒரே தாளைக் குடுத்தாத்தான் விலையை ஒப்பிட முடியும்.

காணாமப் போற கருவிங்க

எனக்கு இதுலதான் பெரிய ஆதங்கம். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு லேத் பட்டறை, ஒரு கொல்லுப்பட்டறை இருக்கு. இல்லைன்னா இருந்துச்சு. அந்த ஊர் மண்ணுக்கும் பயிருக்கும் தக்க மாதிரி கொழுவோட கோணத்தை மாத்தி, களைக்கருவி பல்லை வளைச்சு, மஞ்சள் தோண்டுறதுக்கு ஒண்ணு, கடலைக்கு ஒண்ணுன்னு செஞ்சு குடுத்தவங்க அவங்க. ராஜராஜன் 1000 முறையில 25க்கு 25 சென்டிமீட்டர்ல நட்டாங்கன்னா கோனோ வீடர் அந்த இடைவெளிக்குள்ள போகணும். நட்டது கொஞ்சம் நெருக்கமா போச்சுன்னா அகலத்தைக் குறைச்சுக் குடுக்கிற வேலையை அந்தப் பட்டறைங்கதான் செஞ்சது. இதுல எதுக்காவது படம் இருக்கா? அவர் மறைஞ்சா, இல்ல பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டா, அந்த அளவும் போச்சு. அடுத்தவன் மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்.

வெளிநாட்டு விவசாயிங்க இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. பிரான்ஸ்ல லாத்தெலியே பேசான்னு ஒரு கூட்டுறவு அமைப்பு, விவசாயிங்க தாங்களே செஞ்சுக்கிற கருவிகளோட படத்தை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு போட்டு, வெல்டிங் சொல்லிக் குடுக்கிற முகாமும் நடத்துறாங்க. அமெரிக்காவுல ஃபார்ம் ஹேக்னு இதே மாதிரி ஒரு முயற்சி. அங்கேயே மிசௌரி மாநிலத்துல ஓப்பன் சோர்ஸ் ஈக்காலஜின்னு ஒண்ணு, டிராக்டர்ல இருந்து செங்கல் அழுத்துற மெஷின் வரைக்கும் 50 இயந்திரத்துக்குப் படம் போட்டுப் பொதுவுல வைக்கணும்னு கிளம்பினாங்க. விதையைப் பங்கு போட்டுக்கிற பழக்கம் நமக்குப் புதுசில்ல. கருவியோட அளவையும் அப்படிப் பங்கு போடலாம்தானே?

அதனால என்னோட வேண்டுகோள் இது. மென்பொருள் கத்துக்கிட்டா முதல்ல புதுக் கொட்டகை வரையாதீங்க. உங்க வீட்டுல இருக்கிற ஒரு பழைய கருவியை எடுங்க. களைக்கொத்தோ, கலப்பையோ, அப்பாரு காலத்து ஏத்தச்சாலோட இரும்பு வளையமோ, எதுவா இருந்தாலும் சரி. டேப்பும் ஸ்கேலும் வெச்சு அளந்து காகிதத்துல கையால எழுதுங்க. அப்புறம் அதை லிப்ரேகேட்ல ஏத்துங்க. அளவு தப்பினா உடனே எடுத்து மறுபடி அளந்துக்கலாம், பொருள் கண்ணு முன்னாடியே இருக்கு. கத்துக்கிறதுக்கு இதைவிட நல்ல வழி இல்ல. செஞ்ச ஆசாரி உயிரோட இருந்தா, ஏன் இந்தக் கோணம், ஏன் இந்தக் கனம்னு அவர்கிட்டக் கேட்டு, அதையும் தாள் ஓரத்துல எழுதி, செஞ்சவர் இவர்னு அவர் சம்மதத்தோட பேரையும் போட்டு வைங்க.

மழைக்காலத்துல தோட்டத்துல இறங்க முடியாத நாள் எப்படியும் பத்துப் பதினஞ்சு வரும். இந்த வருஷம் அதுல நாலு நாள் இதுக்கு ஒதுக்கிப் பாருங்க.